லேபிள் உரித்த பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நாலாயிரத்து இருநூறு பாட்டில். அதில் லேபிள் கோணலாகப் போனது பதினொன்று. ஒட்டும் மெஷினில் ரப்பர் உருளை தேய்ந்துவிட்டது என்று மூன்று வாரமாக முதலாளியிடம் சொல்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கோணலானவற்றை வெந்நீரில் ஊறப்போட்டு உரித்தாயிற்று. உரித்த இடத்தில் பசைத் தடம் நிற்கும். புதிதாக ஒட்டினாலும் கடைக்காரர் பழைய சரக்கென்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் உரித்த பாட்டில்கள் சனிக்கிழமை ஆளுக்கு இரண்டாக வீட்டுக்கு வரும். பதினேழு வருஷமாக இதுதான் வழக்கம். எங்கள் சமையலறை மேல்தட்டில் ஒரு வரிசையே நிற்கிறது, பெயரில்லாமல்.

சாயங்காலம் மாடிவீட்டுக்காரர் படியில் பிடித்துக்கொண்டார். கடையில் எங்கள் மூட்டுவலித் தைலத்தை வாங்கியிருக்கிறாராம். சரக்கு நல்லதுதானா என்று என்னிடமே கேட்கிறார். விடுவேனா? "எல்லாம் இலையில இருந்து இறக்கினது சார். ஒரு சொட்டு கலப்படம் கிடையாது. குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றேன். சிரித்துக்கொண்டே மேலே போனார். அக்கா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, வெள்ளி

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நல்லதுதான், காலை நீட்டி உட்கார்ந்தேன். நான் போகிற இடமெல்லாம் தைல வாசனை போகிறதாம். எனக்கு மட்டும் தெரியாது. அந்த வாசனையைப் பொறுத்தவரை என் மூக்கு செத்துப் பல வருஷமாயிற்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் சட்டையே தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

அக்காவுக்குக் காதுக்குள் விசில் அடிக்கிறதாம், இரண்டு நாளாக. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். "யாரோ லைன்ல காத்திருக்காங்க, எடுத்துப் பேசு" என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி வரும். இன்று வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 14, சனி

மாதாந்திர ரத்தப் பரிசோதனை. அக்காவுக்கு நாலு வருஷத்துக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. மாத்திரை அதிகமானால் ரத்தம் நீர்த்துப்போகும், குறைந்தால் கட்டிவிடும். அந்த அளவைப் பார்க்கத்தான் மாதம் ஒருமுறை ஊசி.

இந்தத் தடவை ரொம்ப நீர்த்திருக்கிறது. டாக்டரம்மா முகம் சுருங்கியது. வேறு மாத்திரை, வலி மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். ஒன்றும் கிடையாது, மாத்திரை டப்பாவை நான்தான் நிரப்புகிறேன் என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, நான் சொல்றேன்ல" என்றேன். ஆஸ்பத்திரியில் அவளைப் பேசவிட்டால் எக்ஸ்சேஞ்ச் கதையில் ஆரம்பிப்பாள், வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள்.

மாத்திரையைப் பாதியாக்கி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவின் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். எங்கும் இடித்துக்கொள்ளவில்லையாம். பல் துலக்கினால் ரத்தம். மருந்துக்கடைக்காரர்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பார் என்று போய்ச் சண்டை போட்டேன். அவர் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றுதான். அதற்காக நான் விட்டுவிடவில்லை. கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு வேளை சாப்பிடவில்லை. வாய்வு என்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே படி ஏறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்குகிறது. சனிக்கிழமைதான் டாக்டரிடம் போகிறோமே.

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரி நடைபாதை. எழுத்து எழுத்தாகவே வரவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலை ஏழு மணி. குளியலறையில் சத்தம். கதவைத் தள்ளினால் — அக்கா தரையில். வாந்தி. வாந்தியில் காப்பிப்பொடி மாதிரி கறுப்பாக. அது ரத்தமாம், வயிற்றுக்குள் தங்கிக் கறுத்த ரத்தம். எனக்கு அப்போது தெரியாது. மாடிவீட்டுக்காரர் வண்டி பிடித்தார். அவர்தான் எல்லாம் செய்தார்.

நர்ஸம்மா ஒருத்தி, சின்ன வயது. அக்கா மேல் குனிந்தவள் நிமிர்ந்து, யார் தைலம் தடவியது, வாசனை தூக்கி அடிக்கிறதே என்றாள். அது என் சட்டைம்மா, நான் தைலக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேனோ? அந்த நேரத்திலும்? வெளியே நிற்கச் சொன்னாள். நின்றேன்.

பத்து நிமிஷத்தில் அவளே வெளியே வந்தாள்.

"நீங்க இங்கதான நின்னீங்க? உள்ள இன்னும் அடிக்குது சார். சட்டை இல்ல. அவங்க மூச்சுல."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி உள்ளே கூப்பிட்டாள். அக்காவின் காதருகே குனிந்து, உள்ளுக்கு என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேட்டாள். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். சார், அவங்களைக் கேட்டேன் என்றாள்.

அக்கா கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "தைலம்தான்... காலைல பத்துச் சொட்டு, வெந்நீர்ல. வலிக்கு நல்லாக் கேட்டுச்சு. இந்த வாரம் வலி தாங்கல... அரை ஸ்பூன், ரெண்டு வேளை."

"யாரும்மா குடிக்கச் சொன்னது?"

அக்கா கையைக் கொஞ்சம் தூக்கினாள். ஊசி குத்திய கை. விரல் என் பக்கம் திரும்பியது.

நான் எப்போ சொன்னேன்? சத்தியமா நான் சொல்லல. நான் எதுக்குச் சொல்லப்போறேன்?

அதே நாள், மதியம்

டாக்டரம்மா பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு ஓடினேன். மேல்தட்டில் வரிசையாக நின்றவற்றில் ஒன்று பாதி காலி, மூடியில் பிசுக்கு. எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அவர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மொட்டைப் பாட்டில்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியுமே. பதினேழு வருஷமாக நான்தானே ஒட்டுகிறேன். சொல்ல ஆரம்பித்தேன், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது மாதிரி. வின்டர்கிரீன் எண்ணெய் ஐம்பது பங்கு. யூகலிப்டஸ் எண்ணெய் இருபது. கற்பூரம் எட்டு. புதினா உப்பு ஏழு. மீதி நல்லெண்ணெய். வாய் அங்கே நிற்கவில்லை. லேபிளில் அடுத்து என்ன வருமோ அதையும் சொல்லிவிட்டது.

"வெளி உபயோகத்திற்கு மட்டும். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். மறுபடி எழுத ஆரம்பித்தார்.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றியாயிற்று. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் புண், ஒன்று கசிகிறது. ரத்தத்தை உறையவைக்க மருந்து கொடுத்தால் வால்வு அடைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் கசிவு நிற்காது. நாளை வரை ஒன்றும் சொல்ல முடியாதாம்.

குளிக்க வீட்டுக்கு வந்தேன். இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். எப்போ சொன்னேன், எப்போ சொன்னேன் என்று நேற்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேனே.

மார்ச் 3.

என் கையெழுத்து. என் மை. "குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது." அதற்கடுத்து நானே எழுதியிருக்கிறேன் — அக்கா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் இங்கே கெட்டது நுணல் இல்லையே. நான் நன்றாகத்தானே இருக்கிறேன்.

திடீரென்று மாடிவீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. ஐயோ, அவரிடம்தானே சொன்னேன்! துண்டோடு மேலே ஓடினேன். குடித்தீர்களா என்று கேட்டேன், கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். நேராக ஒட்டிய லேபிள். அன்றைக்கு என் கையில் நல்லபடியாகப் போன நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

"உள்ளுக்குச் சாப்பிடக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கே சார். உங்க பேச்சைவிட உங்க லேபிள் மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி."

அக்காவுக்கு அந்த லேபிளை நான் உரித்துவிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

கசிவு நிற்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலை பத்தரைக்குக் கசிவு நின்றதாகச் சொன்னார்கள். நர்ஸம்மா ஓடிவந்து சொன்னாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார். இன்னும் நாலைந்து நாள் கண்காணிப்பில் இருக்கவேண்டும். பிறகு என்ன நடந்தது என்று பொறுமையாகச் சொன்னார். வின்டர்கிரீன் எண்ணெயில் இருப்பது ஆஸ்பிரினுக்கு அண்ணன் தம்பி முறையாம். அதுவே ரத்தத்தை நீர்க்கவைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். அக்காவின் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். அந்தக் காது விசில் யாரும் லைனில் காத்திருந்தது இல்லை; அது உடம்பு அடித்த மணி. மூச்சு வாங்கியதும் அதனால்தான்.

"இலையில இருந்து வர்றதுதானே டாக்டர்" என்றேன். இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

"விஷமும் இலையில இருந்து வருது சார். மூட்டை இலையைப் பிழிஞ்சு ஒரு பாட்டில்ல அடைக்கிறீங்க. அந்த எண்ணெய் சுத்தமா இருந்தா ஒரு டீஸ்பூன்ல இருபது ஆஸ்பிரினுக்கு மேல இருக்கு. கலப்படம் இல்லைங்கறீங்களே, அதான் ஆபத்தே."

நான் பெருமை பேசிய அதே விஷயம்.

வாந்தி எடுக்கவைக்க முயன்றீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலும் கெட்டிருக்குமாம். செய்யக் கூடாதென்று தெரிந்து செய்யாமலிருக்கவில்லை. செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது கேட்டார், இந்த மாதிரி மொட்டைப் பாட்டில் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று.

பதினான்கு வீடு. எங்கள் ஆட்கள் பதினான்கு பேர்.

மார்ச் 26, வியாழன்

நேற்றும் இன்றும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். இதுவரை ஒன்பது வீடு, நாற்பத்தொரு பாட்டில். சிலர் சிரித்தார்கள். ஒருவர் பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்கிறார், எச்சிலையும் விழுங்கிவிடுகிறாராம். ஒருவர் தொண்டைக் கரகரப்புக்கு நாலு சொட்டு.

கம்பெனியில் மூடி போடும் மெஷினில் நிற்கும் அக்கா வீட்டில்தான் எனக்குத் தலை சுற்றியது. அடுப்பு மேடைக்கு மேலே அலமாரி. பேரக் குழந்தையின் இருமல் மருந்து, அதை ஒட்டியே நம் பாட்டில். இரண்டும் பழுப்பு நிறம், ஒரே உயரம், ஒரே மூடி. இருமல் மருந்தின் லேபிளும் ஈரத்தில் ஊறிப் பாதி போய்விட்டது. குழந்தைக்கு ஒன்றரை வயது.

சளி பிடித்தால் மருமகள் ஒரு சொட்டு தேனில் குழைத்து நாக்கில் தடவுவாளாம். குழந்தைகளுக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் ஒரு சின்ன ஸ்பூன் போனாலே வலிப்பு வரும், உயிரே போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையேப்பா" என்றாள் மூடி அக்கா.

"எங்க அக்காவுக்கும் இத்தனை நாளா ஒண்ணும் ஆகலக்கா."

பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒன்று இல்லை, ஏழு. யாராவது குடித்துத் தொலைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.

மார்ச் 29, ஞாயிறு

கம்பெனிக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது.

காலையில் அக்காவுக்குக் கஞ்சி எடுத்துப்போகலாம் என்று அவளுடைய டம்ளரை எடுத்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்தது. முகத்தருகே கொண்டுபோனேன். சுரீரென்று மூக்கில் ஏறியது.

தைலம்.

ஒரு நிமிஷம் என்னவென்றே தெரியவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் நிற்பது மாதிரி இருந்தது. ஸ்பூனை எடுத்துப் பார்த்தேன், அதிலும். வெந்நீர்ப் பாத்திரத்தில். அவள் தலையணையில். இந்த வீடு முழுக்க இந்த வாசனைதான் இருந்திருக்கிறது. பதினெட்டு நாள் அவள் என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாள், ஒவ்வொரு மூச்சிலும் இது வந்திருக்கிறது. தெருவில் போகிறவன் யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பான். கூடப் பிறந்தவன் கண்டுபிடிக்கவில்லை.

டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகு போய்ப் பொறுக்கினேன். எவர்சில்வர், உடையக்கூட இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு கிலோ குறைந்திருக்கிறாள். காது விசில் நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு நாளாக ஒத்திகை பார்த்தேன். ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. "நீ என்னைக் குடின்னா சொன்னே? ஊருக்குப் பெருமை அடிச்சே. நம்பினது என் தப்பு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள், "அன்னைக்கே டாக்டர்கிட்டச் சொல்ல வந்தேன்டா. நீ எங்க விட்டே?"

மேல்தட்டைப் பார்த்தாள். காலி.

ஏப்ரல் 6, திங்கள்

கம்பெனி. பதினான்கு வீட்டிலிருந்தும் சேர்ந்த எழுபத்து மூன்று மொட்டைப் பாட்டிலையும் மூட்டையாகக் கட்டி முதலாளி மேசைமேல் வைத்தேன். இனி உரித்த பாட்டில் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது, எண்ணெயைத் திரும்பத் தொட்டியில் ஊற்றவேண்டும், 'உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது' என்ற வரி முன்பக்கம் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்றேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு, முன்பக்கம் இடமில்லையே என்றார். இலைப் படத்தைச் சின்னதாக்கினால் இடம் வரும் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

சாயங்காலம் அந்த ரப்பர் உருளையை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

போகிற வழியில் மருந்துக்கடையில் நின்றேன். எல்லோரும் இருக்கும்போதுதான் சண்டை போட்டேன், அதனால் எல்லோரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டே, அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

பரிசோதனை. ரத்தம் சரியான அளவில் இருக்கிறது.

டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷப் பழக்கம். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒரு கையை மடியில் வைத்து, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

தலை சுற்றுகிற அன்று காலை மாத்திரையைச் சாப்பிடுவதில்லையாம், கைப்பையில் ஒளித்துவைப்பாளாம். மாடிவீட்டம்மா கொடுத்த தூக்க மாத்திரை, வாரத்துக்கு இரண்டு. மலச்சிக்கலுக்கு ஏதோ வேர்ப்பொடி, மூன்று வருஷமாக. நடந்தால் மார்பில் இழுக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மாத்திரை டப்பாவை நான்தான் நிரப்புகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா குறுக்கிடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். தாள் தீர்ந்ததும் திருப்பி மறுபக்கத்தில் எழுதினார்.

"இன்னும் இருக்கு" என்றாள் அக்கா.